படத்தின் எண்ணைக் கையால் தட்டாதீர்கள்

மதுரையைச் சுற்றியுள்ள கண்மாய்க் கரைக் கிணறுகளின் தண்ணீர்தான் என் முனைவர் பட்ட ஆய்வு. வண்டியூர், மாடக்குளம் பக்கத்துக் கிணறுகள் அதில் நிறைய. வரைபடம், கிராஃப், கிணற்றடியில் எடுத்த ஃபோட்டோ எல்லாம் சேர்த்து ஆய்வேட்டில் 64 படங்கள். அவற்றை உரைக்குள் எண் சொல்லிக் குறிப்பிடுவதில் நான் பட்ட பாட்டை, இப்போது லேடெக்கில் (கட்டளைகளைத் தட்டிப் பக்கங்களை அமைக்கும் மென்பொருள்) ஆய்வேடு எழுத உட்காரும் தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன். கட்டளைகளின் பெயரைத் தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில், முன்னால் பின்சாய்வுக் கோடு போட்டுத் தட்டுங்கள்.

ஆய்வேட்டை ஒப்படைப்பதற்கு முன் நடந்த கமிட்டிக் கூட்டம் அது. வெளியிலிருந்து வந்திருந்த பேராசிரியர் நான்காம் அத்தியாயத்தைப் புரட்டிக்கொண்டே கேட்டார்: “ஏம்மா, கோடையில குளோரைடு 250-ஐத் தாண்டுது, படம் 4.3-ஐப் பாருங்கன்னு எழுதியிருக்கீங்க. 4.3-ல மழை அளவுல்ல இருக்கு?” குளோரைடு கிராஃப் இருந்தது 4.9-இல். குடிநீரில் லிட்டருக்கு 250 மில்லிகிராம் வரை ஏற்கலாம் என்ற இந்தியத் தர அளவைப் புள்ளிக்கோடாகப் போட்டு, நான் ஆசையாக வரைந்த படம். அடுத்த பக்கத்தில் நைட்ரேட்டுக்கும் 4.3 என்றே இருந்தது. அதற்கடுத்து ஃப்ளோரைடுக்கும் 4.3. “எண்ணே மாறிக் கிடக்குன்னா, உள்ள இருக்குற அளவையெல்லாம் சரிபார்த்தீங்களான்னு கேக்கத் தோணுதும்மா” என்றார். அவர் கேட்டது நியாயம். இரண்டு வருடம் வெயிலில் கிணறு கிணறாகப் போய் எடுத்த அளவுகள் ஒரு நிமிடத்தில் சந்தேகத்துக்கு ஆளாகிவிட்டன.

இத்தனைக்கும் நான் எண்ணைக் கையால் தட்டவில்லை. படத்துக்குப் பெயர் வைக்கும் லேபிளும், அந்தப் பெயரைச் சொன்னால் எண்ணைக் கொண்டுவரும் ரெஃபும்தான் போட்டிருந்தேன். எச்சரிக்கை ஒன்றும் வரவில்லை, கேள்விக்குறியும் விழவில்லை. அன்று இரவு கைடு மேடம் பக்கத்தில் உட்கார்ந்து கோப்பைத் திறந்து பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. லேபிளை, படத்தின் விளக்க வரியைப் போடும் கேப்ஷனுக்கு மேலே எழுதியிருந்தேன்.

இதைக் கொஞ்சம் நின்று பாருங்கள். படத்துக்கு எண் கொடுப்பது, படத்தின் வரிகளைச் சுற்றிப் போடும் ஃபிகர் சூழல் இல்லை, அதற்குள் இருக்கும் கேப்ஷன் கட்டளை. படங்களை எண்ணிக்கொண்டே வரும் எண்ணியில் (கவுண்டர்) ஒன்றைக் கூட்டி, “இப்போதைய எண் இது” என்று குறித்து வைப்பது அதுதான். லேபிள் தானாக எதையும் எண்ணாது. அது வரும் இடத்தில் கடைசியாக எந்த எண் குறிக்கப்பட்டிருக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளும். கேப்ஷனுக்கு முன்னால் லேபிள் வந்தால் அங்கே கடைசியாக இருப்பது உட்தலைப்பின் எண். என் குளோரைடு, நைட்ரேட், ஃப்ளோரைடு படங்கள் மூன்றும் 4.3 என்ற உட்தலைப்பின் கீழ் இருந்ததால் மூன்றுக்குமே 4.3 விழுந்தது. அத்தியாயத்தில் 4.3 என்று உண்மையிலேயே ஒரு படமும் இருந்ததால் பார்வைக்கு எல்லாம் சரியாகவே தெரிந்தது. லேபிள் இருக்கிறது, எண் கிடைக்கிறது, அதனால் லேடெக்கும் குறை சொல்லவில்லை. முதலில் கேப்ஷன், அதற்குக் கீழே லேபிள். இந்த ஒரு வரிசையைக் கை தானாகச் செய்கிற அளவுக்குப் பழக்கிக்கொள்ளுங்கள். அட்டவணைக்கும் இதே கதைதான்.

கேள்விக்குறி விழுவது வேறு. படம் என்று இருக்கும், எண் வரவேண்டிய இடத்தில் இரண்டு கேள்விக்குறிகள். புதிதாக வருபவர்கள் இதற்குத்தான் பயப்படுகிறார்கள், ஆனால் இது நல்ல பிழை, கண்ணில் படும். லேடெக் கோப்பை மேலிருந்து கீழாக ஒருமுறைதான் படிக்கும். பத்தாம் பக்கத்தில் நிற்கும்போது எழுபதாம் பக்கத்துப் படத்தின் எண் அதற்குத் தெரியாது. அதனால் போகிற போக்கில் ஆக்ஸ் என்ற பின்னொட்டுள்ள கோப்பில் எழுதி வைத்துக்கொள்கிறது. அதை நோட்பேடில் திறந்து பார்த்தால் என் குளோரைடு படத்தின் பெயர், பக்கத்தில் 4.9, அதன் பக்கத்தில் 71 என்று பக்க எண், எல்லாம் ஒரே வரியில் இருக்கும். அடுத்த முறை ஓட்டும்போது, அதாவது கோப்பைப் பிடிஎஃப் ஆக்கும்போது, அந்தக் குறிப்பைப் படித்து எண்ணை நிரப்பும். ஆகவே சொந்தக் கணினியில் குறைந்தது இரண்டு முறை ஓட்ட வேண்டும். லேடெக்எம்கே என்ற நிரல் வழியாக ஓட்டினால் எத்தனை முறை தேவையோ அத்தனை முறை அதுவே ஓட்டிவிடும். இணையத்திலேயே லேடெக் எழுத உதவும் ஓவர்லீஃப் தளம் அதைத்தான் பயன்படுத்துகிறது. எத்தனை முறை ஓட்டியும் கேள்விக்குறி போகவில்லையா? பெரும்பாலும் பெயரில் எழுத்துப்பிழை. பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம்கூடப் பிழைதான்.

பெயர் வைப்பதில் ஒரு சொல். ‘படம்7’, ‘புதுகிராஃப்2’ என்றெல்லாம் வைக்காதீர்கள். ஏழாவது படம் நாளைக்குப் பதினொன்றாவது ஆகிவிடும். படத்தில் என்ன இருக்கிறதோ அதையே பெயராக வையுங்கள்: ஃபிக், முக்காற்புள்ளி, பிறகு வண்டியூர்-குளோரைடு-கோடை என்பது போல. இன்னொன்று, பழைய படத்தின் வரிகளை அப்படியே காப்பி செய்து கோப்புப் பெயரை மட்டும் மாற்றிவிட்டு லேபிளை மறப்பது எல்லாருக்கும் நடக்கிறது. ஒரே பெயரில் இரண்டு லேபிள் இருந்தால் கடைசியில் வருவதுதான் நிற்கும். இதற்கு எச்சரிக்கை உண்டு, ஆனால் ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் லேடெக் எழுதி வைக்கும் லாக் கோப்பில் நூறு வரிகளுக்கு நடுவே கிடக்கும். வாரத்துக்கு ஒருமுறையாவது அதைப் படியுங்கள்.

‘கீழே உள்ள படத்தில்’ என்று எழுதுவதை அடியோடு விட்டுவிடுங்கள். லேடெக் படத்தை இடம் இருக்கும் பக்கத்துக்கு நகர்த்தும். கீழே என்று நீங்கள் எழுதியது அடுத்த பக்கத்தின் தலையில் போய் உட்கார்ந்திருக்கும். எண்ணால் மட்டுமே குறிப்பிடுங்கள். ‘படம்’ என்ற சொல்லுக்கும் ரெஃபுக்கும் நடுவே இடைவெளிக்குப் பதிலாக அலைக்குறி போடுங்கள். இல்லையென்றால் சொல் ஒரு வரியிலும் எண் அடுத்த வரியிலும் பிரிந்து நிற்கும்.

க்ளெவர்ரெஃப் என்ற தொகுப்பு இருந்தால் அந்தச் சொல்லையும் தட்ட வேண்டாம், அதுவே போட்டுக்கொள்ளும். பிடிஎஃப்பில் இணைப்புகள் போடும் ஹைப்பர்ரெஃப் தொகுப்பும் இருந்தால், அதற்குப் பிறகுதான் க்ளெவர்ரெஃபை அழைக்க வேண்டும். ஆனால் தமிழில் ஆய்வேடு எழுதுகிறவர்களுக்கு இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இரண்டு படங்களைச் சேர்த்துச் சொன்னால் அது நடுவில் ஒரு ‘மற்றும்’ கேட்கும். நாம் எழுதுவது ‘படங்கள் 4.9, 4.10 ஆகியவற்றில்’ என்று. தமிழ்த்துறையில் இருக்கும் என் தோழிக்கு, சாதாரண ரெஃபை இரண்டு முறை போட்டு வேற்றுமை உருபைக் கையால் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன். எண்ணுக்குப் பின் சிறு கோடு, அப்புறம் ‘இல்’ அல்லது ‘ஐ’. எண் மாறினாலும் உருபு அப்படியே பொருந்திவிடுகிறது.

வேர்டில் எழுதுகிறவர்கள், இன்செர்ட் கேப்ஷனும் கிராஸ் ரெஃபரன்ஸும் போட்டிருந்தால், கடைசியில் கண்ட்ரோல் ஏ அழுத்திவிட்டு எஃப்9 அழுத்துங்கள். அதுவரை பழைய எண்ணே நிற்கும்.

அச்சுக்கு முந்தைய நாள் நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். பிடிஎஃப்பில் இரண்டு கேள்விக்குறிகளைத் தேடினேன். ஒன்றும் இல்லை. அதோடு விடவில்லை. படங்களின் பட்டியலை மட்டும் ஒரு தாளில் எடுத்துக்கொண்டு, உரையில் ‘படம்’ வரும் ஒவ்வொரு இடத்திலும் நின்று, வாக்கியம் சொல்வதும் அந்த எண்ணில் இருப்பதும் ஒன்றுதானா என்று பென்சிலால் டிக் அடித்தேன். மூன்று மணி நேரம் ஆனது. இரண்டாம் அத்தியாயத்தில் இன்னும் இரண்டு லேபிள்கள் கேப்ஷனுக்கு மேலேயே உட்கார்ந்திருந்தன. அவற்றை இறக்கி வைத்து, மறுபடி ஓட்டி, அந்தப் பிடிஎஃப்பைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு காலையில் பைண்டிங் கடைக்குப் போனேன்.