81 நாள் கழித்து வந்தவர்

ஏப்ரல் 15

இரவு தொலைக்காட்சியில் பேஸ்பால். களத்தில் நின்ற அத்தனை பேர் முதுகிலும் 42. "எல்லோருக்கும் ஒரே எண் என்றால் யார் எவர் என்று எப்படித் தெரியும்?" என்று மகன் கேட்டான். 1947-ல் இதே நாளில், புரூக்ளினின் எபெட்ஸ் ஃபீல்டில், 42 என்ற எண்ணை அணிந்து ஜாக்கி ராபின்சன் முதல் பேஸில் போய் நின்ற கதையைச் சொன்னேன். அவர் நினைவாகத்தான் இன்று எல்லோருக்கும் அந்த எண். அதற்கு முன் 60 ஆண்டுகளுக்கும் மேலாகப் பெரிய லீக்குகளில் ஒரு கறுப்பினத்தவர்கூட இல்லை. ஆனால் அவர்கள் ஆடக் கூடாது என்று விதிப்புத்தகத்தில் ஒரு வரியும் கிடையாது. முதலாளிகள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு அது. எழுதிய சட்டம் என்றால் அதைக் காட்டி வழக்காடலாம். எழுதாததை யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவது?

தூங்கப் போகும்போது மறுபடி கேட்டான்: "அவருக்கு அடுத்து யார் வந்தார், அப்பா?" எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஏப்ரல் 17

லாரி டோபி. கிளீவ்லாந்து அணி. 1947 ஜூலை 5. ராபின்சனுக்குச் சரியாக 81 நாள் கழித்து. பெரிய லீக்குகள் இரண்டு. ராபின்சன் ஆடியது நேஷனல் லீக். டோபி நுழைந்தது அமெரிக்கன் லீக். ஊர்கள் வேறு, மைதானங்கள் வேறு, வசவுகள் மட்டும் அவையே. ஒருவர் உடைத்த கதவு வழியாக மற்றவர் சுகமாக நடந்து வந்துவிடவில்லை. இது அவரே உடைக்க வேண்டியிருந்த இன்னொரு கதவு.

அவர் வளர்ந்த ஊர் நியூ ஜெர்சியின் பேட்டர்சன். எங்கள் வீட்டிலிருந்து காரில் அரை மணி நேரம். இத்தனை ஆண்டுகள் இங்கே இருந்தும் அந்தப் பெயர் என் காதில் விழவில்லை என்பது வருத்தமாக இருக்கிறது.

மே 4

இரண்டு வாரமாகப் படிக்கிறேன். இன்று கோபம் வந்தது, பண விஷயத்தில். ராபின்சனை புரூக்ளின் அணியான டாட்ஜர்ஸுக்குக் கொண்டுவந்த பிராஞ்ச் ரிக்கியை எல்லோரும் புகழ்கிறார்கள், புகழ வேண்டியவர்தான். ஆனால் ராபின்சன் அதுவரை ஆடிய நீக்ரோ லீக் (கறுப்பின வீரர்களுக்கென்று தனியாக இருந்த லீக்) அணியான கான்சாஸ் சிட்டி மோனார்க்ஸுக்கு அவர் ஒரு காசும் கொடுக்கவில்லை. டோபி ஆடியதும் ஒரு நீக்ரோ லீக் அணியில்தான், நியூவர்க் ஈகிள்ஸில். அதை நடத்தியவர் எஃபா மேன்லி என்ற பெண்மணி. என் வீரனுக்கு விலை உண்டு என்று விடாமல் நின்றார். கிளீவ்லாந்து உரிமையாளர் பில் வீக் 10,000 டாலரும், டோபி அணியில் நிலைத்ததும் மேலும் 5,000 டாலரும் தந்தார். வெள்ளை வீரர் ஒருவருக்கு இதைப் போலப் பல மடங்கு கேட்டிருக்கலாம் என்பது மேன்லிக்குத் தெரியும். நல்ல வீரர்கள் ஒவ்வொருவராகப் போகப் போக நீக்ரோ லீக்குகள் கரைந்தன. தடை உடைந்ததற்கு விலை கொடுத்தவர்களில் அந்த லீக்குகளை நடத்தியவர்களும் உண்டு.

மே 23

ராபின்சனுக்கு 1946 முழுவதும் மொன்றியலில், டாட்ஜர்ஸின் கீழ்நிலை அணியில், ஆடிப் பழகக் காலம் கிடைத்தது. டோபிக்கு ஓர் இரவு ரயில் பயணம்தான். ஜூலை 4 அன்று நியூவர்க்கில் ஈகிள்ஸுக்கு ஆடினார். மறுநாள் சிகாகோவில் கிளீவ்லாந்து சீருடை. மேலாளர் லூ பூட்ரோ அவரை ஒவ்வொருவரிடமும் அழைத்துப் போய் அறிமுகம் செய்தார். சிலர் கை கொடுக்கவில்லை. அப்போது அவருக்கு 23 வயது. நீட்டிய கையைத் திரும்ப எடுத்துக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு நொடி. எனக்கு இன்று முழுவதும் வேலையில் மனம் செல்லவில்லை.

அந்த ஆண்டு 32 முறை மட்டையெடுத்து 5 ஹிட்தான், அதாவது அடித்து பேஸ் சேர்ந்தது ஐந்தே முறை. அதோடு அவரை முடித்திருக்கலாம். முடிக்கவில்லை. 1948-ல் வசந்தகாலப் பயிற்சிக்கு டூசான் போனபோது அணி தங்கிய விடுதியில் அவருக்கு இடமில்லை. அந்தப் பருவத்தில் அவர் சராசரி .301, பத்து முறை மட்டையெடுத்தால் மூன்று ஹிட்.

மே 24

ஒரு புகைப்படம். 1948 அக்டோபர் 9, இரண்டு லீக்குகளின் வெற்றியாளர்களும் மோதும் உலகத் தொடரின் நான்காவது ஆட்டம் முடிந்த பிறகு எடுத்தது. டோபியின் ஹோம் ரன்னால் கிளீவ்லாந்து 2-1 என்று வென்றிருக்கிறது. பந்து வீசிய வெள்ளையர் ஸ்டீவ் குரோமெக்கும் டோபியும் கன்னத்தோடு கன்னம் வைத்துக் கட்டிக்கொண்டு சிரிக்கிறார்கள். அமெரிக்கச் செய்தித்தாள்களில் அப்படி ஒரு படத்தை அன்றைய வாசகர்கள் பார்த்துப் பழகியிருக்கவில்லை. நான் வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கேமராவுக்காகக் காட்டிய சிரிப்பாக அது தெரியவில்லை.

ஜூன் 18

2003-ல் இதே நாளில் டோபி இறந்தார். பேஸ்பால் புகழ் மண்டபத்தில் ராபின்சன் 1962-ல் இடம்பெற்றார், டோபி 1998-ல். 1978-ல் சிகாகோ அணியின் மேலாளரானபோதும் கறுப்பின மேலாளர்களில் அவர் இரண்டாமவர்.

ஜூலை 5

பேட்டர்சன் போனோம். பசாயிக் அருவிக்குப் பக்கத்திலேயே ஹின்ச்லிஃப் மைதானம். பள்ளிக்காக டோபி ஆடியது இங்கே. ஈகிள்ஸுக்குத் தேர்வானதும் இங்கே. பல ஆண்டுகள் பாழடைந்து கிடந்து 2023-ல் மறுபடி திறந்திருக்கிறார்கள்.

மகன் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு கேட்டான்: "முதல் ஆட்டத்தில் என்ன செய்தார்?"

"ஏழாவது இன்னிங்ஸில் மட்டையைக் கொடுத்தார்கள். ஸ்ட்ரைக் அவுட். பந்தை அடிக்க முடியாமலே ஆட்டமிழந்தார்."

"மறுநாளும் வந்தாரா?"

"வந்தார். முதல் பேஸில் ஆடச் சொன்னார்கள். அதற்கான கையுறை அவரிடம் இல்லை. ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு போய் நின்றார்."