ட்ராஷில் 30 நாள்: எந்தத் தேதியிலிருந்து?

ட்ராஷில் விழுந்த மெயில் 30 நாளில் தானாக அழியட்டும் என்று சர்வரில் அமைப்பது எளிது. அந்த 30 நாளை எங்கிருந்து எண்ணுவது என்பதில்தான் ஆபத்து.

டவ்காட் என்ற மெயில் சர்வர் மென்பொருளில் இதற்கு முக்கியமான தேதிகள் இரண்டு. சர்வருக்கு வந்து சேர்ந்த தேதி இன்டர்னல்டேட். ஃபோல்டர் மாற்றினாலும் பொதுவாக மாறாது. சேவ்டேட் என்பது இப்போதைய ஃபோல்டருக்குள் வந்த தேதி. 2019-இல் வந்த மெயில் ஒன்றை இன்று ட்ராஷுக்குத் தள்ளுகிறீர்கள். கிரானில் (குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக ஓட்டும் வசதி) ஓடும் எக்ஸ்பஞ்ச், அதாவது நிரந்தரமாக அழிக்கும் கட்டளையில் இன்டர்னல்டேட்டைப் பார்க்கும் ‘பிஃபோர்’ என்று எழுதியிருந்தால் அது இன்றிரவே காலி. சேவ்டேட்டைப் பார்க்கும் ‘சேவ்ட்பிஃபோர்’ என்றிருந்தால் முழு 30 நாளும் கிடைக்கும். டவ்காட்டிலேயே உள்ள ஆட்டோஎக்ஸ்பஞ்ச் என்ற தானாக அழிக்கும் அமைப்பு சேவ்டேட்டையே பார்ப்பதால் கிரானைவிட அதுவே நல்லது. ஆனால் சர்வரோடு உள்ள ஒரு மெயில் இணைப்பு முடியும்போதுதான் அது ஓடும். மொபைல் ஆப் இணைப்பை விடாமல் பிடித்திருந்தால் கெடு தாண்டிய மெயிலும் சற்றுத் தங்கும்.

எதுவுமே அழியவில்லை, கோட்டா (சர்வரில் உங்களுக்கு ஒதுக்கிய இடம்) மட்டும் நிரம்புகிறதா? ஃபோல்டர் பெயரைப் பாருங்கள். சர்வரில் ‘ட்ராஷ்’ என்று ஒன்றுக்கு மட்டும் கெடு வைத்திருப்பீர்கள்; மெயில் ஆப்போ ‘டெலிட்டட் மெசேஜஸ்’ என்று தனியாக ஒன்றை உருவாக்கி அதில் போட்டுக்கொண்டிருக்கும். இரண்டுக்கும் கெடு வையுங்கள். தண்டர்பேர்ட் என்ற மெயில் ஆப்பில் ‘அழித்ததாகக் குறி’ என்ற முறை தேர்வாகியிருந்தால் மெயில் இன்பாக்ஸை விட்டே நகராது. ட்ராஷ் கெடு அதைத் தொடாது.

தண்டர்பேர்டின் சிங்க்ரனைசேஷன் அண்ட் ஸ்டோரேஜ் (ஒத்திசைவு, சேமிப்பு) பக்கத்தில் இன்னும் கவனம் வேண்டும். ‘சமீபத்திய இத்தனை நாள் மெயில்களை மட்டும் சிங்க் செய்’ என்பது உங்கள் கணினியில் உள்ள பிரதிக்கு மட்டுமே. அதே பக்கத்தில் கீழே இருக்கும் ‘இத்தனை நாளுக்கு மேற்பட்டதை அழி’ என்பது சர்வரில் உள்ள மூலத்தையும் சேர்த்தே அழிக்கும். வட்டில் இடம் மிச்சப்படுத்த நினைப்பவர் தொட வேண்டியது முதலாவதை. இரண்டாவதைத் தொட்டே ஆக வேண்டுமென்றால், நட்சத்திரமிட்டதை வைத்திருக்கச் சொல்லும் பெட்டியையாவது டிக் செய்யுங்கள்.

ஐமேப் என்பது மெயிலை சர்வரில் வைத்துக் கணினியோடு ஒத்திசைக்கும் முறை. கணினியில் இறங்கிவிட்ட ஐமேப் மெயில் பத்திரம் என்று எண்ண வேண்டாம். சர்வர் அழித்ததும் அடுத்த சிங்க்கில் அந்தப் பிரதியும் போய்விடும். மெயிலைக் கணினிக்கு இறக்கிக்கொள்ளும் பாப்3 முறையில் இந்தச் சிக்கல் இல்லை, இறங்கியது இறங்கியதுதான். ஐமேப்பில் கெடு உள்ள ஃபோல்டரிலிருந்து காப்பாற்ற வேண்டியதை லோக்கல் ஃபோல்டர்ஸுக்குள் (கணினியில் மட்டும் இருக்கும் ஃபோல்டர்கள்) நகலெடுத்து, இன்டர்நெட்டைத் துண்டித்துவிட்டு ஒருமுறை இணைப்புக் கோப்போடு திறந்து பாருங்கள்.