காற்றாடிமலையில் பாதி மெழுகுதிரி

அம்மாவின் நேர்ச்சை எட்டு வருஷமாகக் கடனாகவே கிடந்தது.

2017-இல் ஓகி புயல் அடித்தபோது தம்பி ஆழ்கடலில் இருந்தான். நவம்பர் 30-ஆம் தேதியிலிருந்து அம்மா செபமாலையைக் கையிலிருந்து இறக்கவில்லை. "தேவசகாயம் பிள்ளையே, எம் மகனைக் கரை சேத்துத் தாரும், அவன் உயரத்துக்கு மெழுகுதிரி கொண்டுவந்து உம்ம மலையில ஏத்துறேன்" என்று நேர்ந்துகொண்டாள். (2022-இல் புனிதர் பட்டம் கொடுத்தபோது 'பிள்ளை' என்ற சாதிப் பெயரை எடுத்துவிட்டார்கள். அம்மாவுக்கு வாய்ப்பழக்கம் போகவில்லை.) ஆறாம் நாள் லட்சத்தீவிலிருந்து போன் வந்தது. தம்பி பிழைத்திருந்தான். பக்கத்து வீட்டு அக்காவின் மாப்பிள்ளை வரவில்லை. உடல்கூடக் கிடைக்கவில்லை.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு எங்கள் தெருவில் ஒரு நட்சத்திரம்கூடத் தொங்கவில்லை. மறு வருஷம் மலைக்குப் போகலாம் என்றபோது, "அவ கண்ணு முன்னால நான் எப்படி நன்றி சொல்லப் போவேன்?" என்று அம்மா மறுத்துவிட்டாள். அதற்கு அடுத்த வருஷமும் அதே பதில். அப்புறம் அவளுக்கு மூட்டுவலி வந்தது.

போன டிசம்பரில் அந்த அக்காவே வந்து நின்றாள். "நேர்ச்சைக் கடனை வச்சுக்கிட்டு இருக்கக் கூடாதும்மா. நானும் வாறேன்."

கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் முன்பு, ஞாயிறு பூசை முடிந்ததும் வேனில் கிளம்பினோம். மார்த்தாண்டத்தைத் தாண்டவே ஒரு மணி நேரம் ஆனது. புலியூர்க்குறிச்சியில் இறங்கி, தாகத்தில் தேவசகாயம் முட்டால் இடித்ததும் தண்ணீர் வந்ததாகச் சொல்லும் முட்டிடிச்சான் பாறையில் தண்ணீர் குடித்தோம். பக்கத்தில்தான் உதயகிரிக் கோட்டை. 1741 குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுக்காரர் டிலனாய் அடக்கமாகியிருக்கும் இடம். கஷ்டத்தில் இருந்த நீலகண்டனுக்கு அவர் சொன்னது, சொத்தையும் பிள்ளைகளையும் இழந்தும் கடவுளை விடாத பைபிள் யோபுவின் கதை. அதைக் கேட்டுத்தான் நீலகண்டன் 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் வாங்கித் தேவசகாயம் ஆனார். வேனில் இதைச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

அக்கா ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டாள்: "யோபுவுக்கு ஆடு மாடெல்லாம் ரெண்டு மடங்கா கிடைச்சுது. செத்த பிள்ளைங்க திரும்பி வந்தாங்களா?"

யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. ஆரல்வாய்மொழி வரைக்கும் வேனில் பேச்சே இல்லை.

மலையடிவாரத்தில் நல்ல கூட்டம். மெழுகுதிரி விற்கிற ஒரு ஆள் அம்மாவின் கையைப் பிடித்து, "இங்க வாங்கினாத்தான் நேர்ச்சை பலிக்கும்" என்கிறான். புனிதர் பெயரைச் சொல்லி வயசானவர்களைப் பயமுறுத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம் வரும். தம்பி ஒன்றும் பேசாமல், அம்மாவின் பழைய சேலையில் சுற்றியிருந்த மெழுகுதிரியைத் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தான்.

காற்று இருந்தது. ஓகிக்குப் பிறகு காற்றுச் சத்தம் கேட்டாலே அம்மா கதவைச் சாத்துவாள். மலையின் பெயரே காற்றாடிமலை. அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு, நின்று நின்று ஏறினாள்.

1749-இல் கைதான தேவசகாயம் 1752 ஜனவரி 14 அன்று இங்கே சுட்டுக்கொல்லப்பட்டார். நடுவில் மூன்று கிறிஸ்துமஸ். மூன்றையும் விலங்கோடுதான் கழித்திருப்பார். எருமை மேல் பின்பக்கம் பார்த்து உட்கார வைத்து ஊர்வலம் விட்டார்கள், அடித்த காயத்தில் மிளகாய்ப்பொடி தேய்த்தார்கள். குடிலும் பாட்டும் இல்லாத அந்த ராத்திரிகளில், பாலன் பிறந்தார் என்று அவர் மனசு எப்படிச் சந்தோஷப்பட்டிருக்கும்? சிறு வயதிலிருந்து இந்தக் கதையைக் கேட்கிறேன். அன்றைக்குத்தான் அப்படி யோசித்தேன். நட்சத்திரம் தொங்காத எங்கள் தெருவுக்கும் அந்த வருஷம் பாலன் வந்துதான் இருந்தார்.

மேலே போனதும் அம்மா மெழுகுதிரியை வாங்கி, பாறை விளிம்பில் வைத்து நடுவில் அழுத்தினாள். மெழுகு உடைந்தது, உள்ளே திரி அறவில்லை. இரண்டு துண்டும் திரியிலேயே தொங்கின. தம்பி குனிந்து பல்லால் கடித்து அறுத்தான். ஒரு பாதியை அம்மா அக்காவிடம் நீட்டினாள்.

"இது உங்க மகனோட உயரம்லா," என்றாள் அக்கா.

"ரெண்டு பேரும் ஒரே நாள்லதானே கடலுக்குப் போனாங்க. பிடி மக்களே."

காற்றில் மூன்று தடவை அணைந்தது. நாலாவது தடவை எல்லோரும் கையைக் குவித்து மறைத்தோம். ஒரே தீக்குச்சியில் இரண்டும் பிடித்தன. அக்கா அங்கேயே உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதாள். எட்டு வருஷத்தில் அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. அம்மா அவளைத் தேற்றவில்லை. கூடவே உட்கார்ந்து அருள்நிறை மரியே சொல்லிக்கொண்டிருந்தாள்.

இறங்கும்போது மணியடிச்சான் பாறையில் அக்கா ஒரு சின்னக் கல்லை எடுத்துத் தட்டினாள். கோயில் மணி மாதிரியே கணீரென்றது. "இன்னொரு தடவை தட்டு" என்றாள் அம்மா. தட்டினாள்.

புனித தேவசகாயமே, எங்களுக்காகப் பரிந்து பேசினீரே, தம்பியின் உயிருக்கு நன்றி. எங்கள் நன்றியைக் கேட்டு அக்காவின் மனசு கசந்துபோகாமல் காத்தீரே, அதற்கு எத்தனை மெழுகுதிரி ஏற்றினாலும் தீராது. யோபுவைப் பற்றி அவள் கேட்ட கேள்வியையும் உம்முடைய மலையிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறோம். பாலன் இயேசுவிடம் நீரே அதைக் கேட்டுச் சொல்லும்.