மகுடம் சூடிய மகாவீரர்: வடோதராவில் ஒரு பகல்

வடோதராவுக்குப் போகிறவர்கள் லட்சுமி விலாஸ் அரண்மனையைச் சுற்றிப் பார்த்து, காரசாரமாக ஒரு தட்டு சேவ் உசல் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். நான் போனது அகோட்டாவில் கிடைத்த சமணச் செப்புத் திருமேனிகளுக்காக. சயாஜி பாக் பூங்காவுக்குள் இருக்கும் பரோடா அருங்காட்சியகத்தில் அவை இருக்கின்றன. பரோடா என்பது வடோதராவின் பழைய பெயர். அங்கே ஒரு திமிங்கலத்தின் எலும்புக்கூடும் எகிப்திய மம்மியும் உண்டு. பள்ளிப் பிள்ளைகள் மொத்தப் பேரும் அவற்றைச் சூழ்ந்துகொள்ள, சமணர்கள் வணங்கும் இருபத்து நான்கு அருளாளர்களான தீர்த்தங்கரர்கள் பக்கம் ஆளே இல்லை. எனக்கு நல்லதாகப் போயிற்று.

அகோட்டா இன்று நகரின் ஒரு பகுதி. அந்தக் காலத்தில் அங்கோட்டகம் என்ற பெயரில் அதுதான் பெரிய ஊர். பரோடா அதைச் சேர்ந்த ஒரு கிராமம். 812-ஆம் ஆண்டு ராஷ்டிரகூடச் செப்பேடு ஒன்று அப்படித்தான் சொல்கிறது. 1951-இல் அங்கே மண்ணுக்கடியிலிருந்து சிலைக் குவியல் ஒன்று கிடைத்தது. ஐந்தாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து பல தலைமுறைகள் வார்த்தவை. கலை வரலாற்றாய்வாளர் உமாகாந்த் பிரேமானந்த் ஷா அவற்றை ஆராய்ந்து 1959-இல் நூலாக வெளியிட்டார்.

கழுகுமலைப் பாறையில் ஆடையற்ற தீர்த்தங்கரர்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, முதல் தீர்த்தங்கரரான ரிஷபதேவர் இங்கே வேட்டி கட்டி நிற்பதே முதலில் புதிதாகப் படும். இது வெள்ளாடை உடுத்தும் சமணப் பிரிவினரான சுவேதாம்பரர்களின் மரபு. தீர்த்தங்கரருக்கு ஆடை காட்டும் பழைய சிலைகளில் இதற்கு முக்கியமான இடம் உண்டு.

இருபத்து நான்கு பேருக்கும் ஒரே தியானக் கோலம், ஒரே மூடிய வாய், ஒரே பாதி திறந்த கண். யார் யார் என்று எப்படிச் சொல்வது? காளை, சிங்கம் என்று ஆளுக்கொரு சின்னத்தைப் பீடத்தில் போடுவது பிற்பாடு பரவிய வழக்கம். ஆரம்ப காலச் சிற்பிக்குக் கைகொடுத்தவை இரண்டே அடையாளங்கள். தலைக்கு மேல் நாகம் படம் விரித்தால் பார்சுவநாதர். தோளில் முடி புரண்டால் ரிஷபர். துறவு ஏற்கும்போது அவர் நான்கு பிடி முடியைப் பிடுங்கிவிட்டு, ஐந்தாவதுக்குக் கை கொண்டுபோக, பார்க்க அழகாக இருக்கிறதே, அதை விட்டுவிடுங்கள் என்று இந்திரன் கேட்டுக்கொண்டானாம். எல்லாவற்றையும் உதறியவர் இதற்கு மட்டும் இணங்கியிருக்கிறார்! எனக்குப் பிடித்த கதை.

இந்தக் குவியலின் உச்சம் என்று நான் சொல்வது ஜீவந்தசுவாமியை. மகாவீரர்தான். ஆனால் உயர்ந்த மகுடம், காதணி, கழுத்தில் ஆரம், தோள்வளை. துறவுக்குப் போவதற்கு முன், இளவரசராக அரண்மனையிலேயே தியானத்தில் நின்றபோது, அவர் உயிரோடு இருக்கையிலேயே சந்தனக் கட்டையில் ஓர் உருவம் செதுக்கினார்கள் என்பது மரபு. அந்த நினைவில் வார்த்தது இது. சந்திர குலத்தைச் சேர்ந்த நாகீசுவரி என்ற சிராவகி (இல்லறச் சமணப் பெண்) அளித்த தர்மம் என்று அங்குள்ள ஒரு ஜீவந்தசுவாமி பீடத்தில் பொறித்திருக்கிறார்கள். ஆறாம் நூற்றாண்டு எழுத்து. நகைகளை மறைத்துக்கொண்டு முகத்தை மட்டும் பார்த்தால் துறவி. முகத்தை மறைத்தால் இளவரசர். துறந்து முடித்தவரை வார்ப்பது இதைவிட எளிது என்றே எனக்குத் தோன்றுகிறது.

இந்தச் சிலைகள் மெழுகு வார்ப்பில் செய்தவை, நம் சுவாமிமலை ஸ்தபதிகள் செய்வது போலத்தான். பலவற்றில் கண்ணுக்கும் ஆடை, ஆசன விரிப்பின் கோலங்களுக்கும் வெள்ளியும் செம்பும் பதித்திருக்கிறார்கள். கண்ணாடிக்குள் விளக்கு வெளிச்சம் பட்டுக் கண் மட்டும் பளிச்சென்று தெரியும். புகைப்படத்தில் அது சிக்கவே இல்லை.

அப்புறம் அம்பிகை. சிங்கம், மடியில் குழந்தை, கையில் மாங்கொத்து. துறவிக்குச் சோறிட்டதற்காக வீட்டைவிட்டு விரட்டப்பட்டுப் பிள்ளைகளோடு அலைந்தவள். அவர்கள் பசிக்கு மாமரம் காய்த்தது. இறந்து இயக்கியானாள், அதாவது சமணக் காவல் தெய்வமானாள், விரட்டிய கணவன் அவளுக்கு வாகனமான சிங்கமாய்ப் பிறந்தான் என்கிறது கதை. கழுகுமலையிலும் சிங்கத்தோடும் பிள்ளைகளோடும் இவளே நிற்கிறாள். தமிழ்ச் சமணர்கள் தருமதேவி என்பார்கள்.

சாயங்காலம் ஆட்டோ பிடித்து அகோட்டாவுக்கே போனேன். சோலார் தகடு வேய்ந்த பாலம், கீழே முதலைகளுக்குப் பெயர்போன விசுவாமித்திரி ஆறு, மைதானம், அடுக்குமாடிகள். சிலை கிடைத்த இடம் எது என்று டீக்கடையில் கேட்டதற்கு அருங்காட்சியகத்துக்கே வழி சொன்னார்கள். அடுத்து பீகார் போக வேண்டும். சௌசாவில் கிடைத்த தீர்த்தங்கரர்கள் இவற்றைவிடப் பழையவர்கள்.