முதல் கேமரா வாங்கப் போகிறவர்களுக்கு

"எத்தனை மெகாபிக்சல்?" யோசனை கேட்பவர்கள் பலரும் இங்கேதான் தொடங்குகிறார்கள். 24 இருந்தால் ஏ3 தாளில் தெளிவாகப் பிரிண்ட் போடலாம். போதும், அந்த எண்ணை விட்டுவிடுங்கள்.

பார்க்க வேண்டியது சென்சாரின் அளவு, அதாவது வெளிச்சம் விழுந்து படம் பதிவாகும் சில்லின் அளவு. ஃபுல் ஃப்ரேம் என்றால் 36-க்கு 24 மி.மீ., பழைய 35 மி.மீ. ஃபிலிம் சுருளில் ஒரு படத்தின் அதே அளவு. ஏபிஎஸ்-சி என்ற சிறிய வகை சென்சார் அதில் பாதிக்கும் குறைவான பரப்பு. ஆனாலும் பழகுகிறவர்களுக்கு அது தாராளம், விலையும் எடையும் குறைவு.

அதைவிட முக்கியம் லென்ஸ். கேமராவோடு வழக்கமாக வரும் 18-55 மி.மீ. ஜூம் லென்ஸ், 55-இல் எஃப் 5.6 வரைதான் திறக்கும் (எஃப் எண் லென்ஸின் துளை அளவைச் சொல்வது). 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸோ அதைப்போல ஒன்பது மடங்குக்கும் மேல் வெளிச்சத்தை உள்ளே விடும் (எண் சிறியதானால் துளை பெரிது, முதலில் குழப்பத்தான் செய்யும்). சாயங்கால வீட்டு விளக்கிலேயே, ஃபிளாஷ் இல்லாமல், ஓடுகிற குழந்தையின் முகம் கலங்காமல் கிடைப்பது இதனால்தான். எனக்கு மிகப் பிடித்த லென்ஸ் இது. விலையும் கையைக் கடிக்காது.

அப்புறம், பாடி (லென்ஸ் இல்லாத கேமரா) வாங்கும்போதே மவுண்ட்டையும், அதாவது லென்ஸ் மாட்டும் பொருத்தியையும், தேர்ந்தெடுத்துவிடுகிறீர்கள். நிக்கான் லென்ஸ் கேனானில் நேராகப் பொருந்தாது. கேனானிலேயே பழைய இஎஃப் மவுண்ட் லென்ஸைப் புதிய ஆர்எஃப் மவுண்ட் பாடியில் மாட்ட அடாப்டர் வேண்டும். அதனால் பணம் முழுவதையும் பாடியிலேயே போட்டுவிடாதீர்கள், நல்ல லென்ஸுக்கு ஒரு பங்கு எடுத்து வையுங்கள். பாடி செகண்ட் ஹேண்ட் என்றாலும் சரி, ஷட்டர் கவுண்ட் (இதுவரை ஷட்டர் எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்ற எண்ணிக்கை) மட்டும் கேட்டுவிட்டு வாங்குங்கள்.