நாஷ்வில்லில் ஒரு வட்டம்

அமெரிக்கப் பயணத்தின் மூன்றாம் நாள், டென்னசி மாநிலத்தின் நாஷ்வில், கன்ட்ரி இசைக்குப் பேர்போன ஊர். கேம்பிங் வண்டியை ஊரின் ஓப்ரிலாண்ட் பகுதிப் பக்கம் நிறுத்தி, கரண்ட், தண்ணீர், கழிவுக்குழாய் எல்லாம் மாட்டி முடிக்க முக்கால் மணி நேரம். கழிவுக்குழாய் எப்போதும் என் தலையில்தான்.

அப்புறம் டவுன்டவுன். பிராட்வே தெருவில் பாருக்குப் பார் பாட்டு. பெரும்பாலும் உள்ளே போகக் காசு வாங்குவதில்லை. பாடுகிறவர்களுக்கு ஜாடியில் டிப்ஸ் போட வேண்டும். போடாமல் நகர்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

பக்கத்திலேயே ரைமன் அரங்கம். 1892-இல் பிரார்த்தனைக் கூடமாகக் கட்டியது. இன்னும் சர்ச் பெஞ்சுதான், ஒரு மணி நேரத்தில் இடுப்பு வலித்துவிட்டது. கிராண்ட் ஓல் ஓப்ரி என்ற வானொலிக் கச்சேரி 1943 முதல் 1974 வரை இங்கேதான் நடந்தது. புது அரங்குக்குப் போகும்போது பழைய மேடையிலிருந்து ஆறடி அகலத்துக்கு ஒரு மரவட்டத்தை அறுத்துக்கொண்டுபோய் அங்கே பதித்தார்கள். குலதெய்வத்துக்குப் பிடிமண் எடுக்கிற கதைதான்! 2010 வெள்ளத்தில் புது மேடை மூழ்கியது. அந்த வட்டத்தை மட்டும் மீட்டு, சீர்செய்து, மறுபடி பதித்தார்கள்.

ராத்திரி ஹாட் சிக்கன், இந்த ஊரின் காரமான பொரித்த கோழி. ‘ஆந்திரா மெஸ் பார்த்தவன் நான்’ என்று ‘ஹாட்’ அளவுக் காரமே கேட்டேன். பாதியில் மனைவியின் தட்டிலிருந்த ஊறுகாயையும் பிரெட்டையும் பிடுங்கித் தின்றேன். நாளை மெம்பிஸ்.