மூடிய வடிசாலையின் விஸ்கி: சில நாட்குறிப்புகள்

2025 செப்டம்பர் 6, சனி, எடின்பரோ

பழைய ரோஸ்பேங்க்கை இன்று குடித்துவிட்டேன்! ஸ்காட்லாந்தின் ஃபால்கர்க் ஊரில் 1993இல் மூடிய வடிசாலையின் விஸ்கி அது. ‘ஃப்ளோரா அண்ட் ஃபானா’ வரிசையில் வந்த 12 வருட பாட்டில், 43 சதவீதம். 25 மில்லிதான் ஒரு அளவு; விலை பயமுறுத்தியதால் நானும் நண்பனும் பாதிப் பாதி. எலுமிச்சைத் தோல், ஈரப்புல், ஏதோ வெள்ளைப் பூவின் வாசம். மெலிசான சரக்கு என்று நினைக்கும்போதே எண்ணெய்ப் பிடிப்போடு நாக்கில் தங்கிவிடுகிறது. “இதைப் போய் ஏன்டா மூடினாங்க?” என்றான்.

செப்டம்பர் 7, ஞாயிறு

அந்த ருசிக்குக் காரணம் வடிக்கும் முறை. ஸ்காட்லாந்தில் பெரும்பாலும் இரண்டு முறை வடிப்பார்கள். ரோஸ்பேங்க்கில் மூன்று. அதனால் சாராயம் லேசாகும். ஆனால் ஆவியைக் குளிர்விக்க அங்கே இருந்தது பழைய ஏற்பாடு: தண்ணீர்த் தொட்டிக்குள் சுருண்டு இறங்கும் செம்புக் குழாய். அதில் ஆவி செம்பை உரசுவது குறைவு, கனம் போகாது. லேசும் கனமும் ஒரே கோப்பையில் கிடைப்பது இப்படித்தான்.

செப்டம்பர் 13, சனி, ஃபால்கர்க்

ஃபோர்த்–க்ளைட் கால்வாய்க் கரையில் நின்று அந்தச் செங்கல் புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். 1988இல் உரிமையாளர்கள் ‘கிளாசிக் மால்ட்ஸ்’ என்ற விஸ்கி வரிசைக்கு, ஸ்காட்லாந்தின் தாழ்நிலப் பகுதியின் சார்பில், ரோஸ்பேங்க்கை விட்டுவிட்டு க்ளென்கின்சி என்ற இன்னொரு வடிசாலையைத் தேர்ந்தெடுத்தார்கள். 1993இல் ரோஸ்பேங்க் மூடப்பட்டது. கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்கு ஆகும் செலவைக் காரணமாகச் சொன்னார்கள். ருசி ஒரு காரணமே இல்லை. அதை நினைத்தால் இன்றும் ஆறவில்லை. 2008 கடைசியில் விடுமுறை நாட்களில் செம்பு வாலைகளையே, அதாவது சாராயம் வடிக்கும் பெரிய பாத்திரங்களையே, திருடிக்கொண்டு போய்விட்டார்கள். 2017இல் இயன் மக்லியோட் நிறுவனம் வாங்கியது. புதிய வாலைகள், மறுபடி மூன்று முறை வடிப்பு, மறுபடி சுருள் குழாய். வேறு எப்படிச் செய்திருந்தாலும் பெயர் மட்டும்தான் மிஞ்சியிருக்கும்.

திரும்பும் ரயிலில் லின்லித்கோ. செயின்ட் மக்டலீன் வடிசாலை அங்கேதான் இருந்தது, 1983இல் மூடினார்கள். 70களில் அளவுக்கு மீறி வடித்துவிட்டு, விற்பனை சரிந்ததும் போர்ட் எலன், ப்ரோரா என்று வடிசாலைகளை வரிசையாகப் பூட்டிய வருடம் அது. ப்ரோரா 2021இலும் போர்ட் எலன் 2024இலும் திரும்பிவிட்டன. செயின்ட் மக்டலீன் இப்போது அடுக்குமாடி வீடுகள். இனி வடிக்க வழியே இல்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

இந்தப் பாட்டில்களை முதலீடு என்று பெட்டகத்தில் பூட்டி வைப்பவர்கள்மேல் எனக்குக் கோபம் வருகிறது. கண்ணாடிக்குள் அடைத்தபின் விஸ்கி முதிராது. விலைதான் ஏறும். திறந்து நாலு பேருக்கு ஊற்றினால் அந்த ருசியை அறிந்தவர்களாவது கூடுவார்கள்.

ரோஸ்பேங்க் மறுபடி வடிக்கத் தொடங்கியது 2023இல். ஓக் பீப்பாயில் மூன்று வருடம் இருந்தால்தான் சட்டப்படி அது விஸ்கி. இளசாக வெளியே விட்டாலும் வாங்குவேன். ஆனால் நேற்று பார்த்த அந்தக் கட்டடத்திலிருந்து ஒரு 12 வருட பாட்டில் வர 2035 ஆகும். அதுவரை அவர்கள் பீப்பாய்களை அவசரப்பட்டுத் திறக்காமல் இருக்க வேண்டும்.